சோயா எங்கிருந்து எங்கே போகிறது? தீவனம் வாங்குகிறவர்கள் உலகச் சந்தையைப் படிக்கும் முறை

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழித் தீவனத்துக்குச் சரக்கு வாங்கிப் போடுவது என் வேலை. தீவனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சோயா புண்ணாக்கு. மக்காச்சோளத்துக்கு அடுத்து அதிகப் பணம் போவது இதற்குத்தான். அது மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரியில் வந்து இறங்குகிறது. அப்படியிருக்க, பிரேசில் துறைமுகமும் சீனச் சுங்கக் கணக்கும் நமக்கு எதற்கு என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்குச் சொல்லித்தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன். பண்ணைக்காரர்கள், எண்ணெய் வியாபாரிகள், வணிகம் படிக்கிற மாணவர்கள் யாருக்கும் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சிகாகோ முன்பேரச் சந்தை விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏறியதும் இறங்கியதும் தெரியும், காரணம் தெரியாது. யார் யாரிடம் வாங்குகிறார்கள், எந்த மாதத்தில் வாங்குகிறார்கள் என்று பார்க்கப் பழகிக்கொண்டால் விலை நகர்வதற்கு முன்பே கொஞ்சம் பிடிபடும்.

முதலில் அளவைக் கணக்கு

சிகாகோவில் சோயாபீன் ஒரு புஷலுக்கு இத்தனை சென்ட் என்று பேசுவார்கள். ஒரு புஷல் 60 பவுண்டு, அதாவது சுமார் 27.2 கிலோ. ஒரு டன்னுக்கு 36.74 புஷல். 1,050 சென்ட் என்றால் 10.50 டாலர். அதை 36.74ஆல் பெருக்கினால் டன்னுக்குச் சுமார் 386 டாலர் வரும். புண்ணாக்கு விலை அங்கே 907 கிலோ கொண்ட குட்டை டன்னுக்குச் சொல்லப்படுகிறது. நம் டன்னுக்கு மாற்ற 1.102ஆல் பெருக்க வேண்டும். எண்ணெய் பவுண்டுக்குச் சென்ட் கணக்கு. அதை 22.05ஆல் பெருக்கினால் டன்னுக்கு டாலர் கிடைக்கும். இந்த மூன்று எண்களை மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். புஷல் விலையையும் டன் விலையையும் கலந்து பேசுகிற செய்திகள் ஏராளம்.

அறுவடைக் காலண்டர்

சோயா வணிகத்தின் பாதி விஷயம் காலண்டரில் இருக்கிறது. அமெரிக்காவில் ஏப்ரல் பின்பகுதி முதல் ஜூன் வரை விதைக்கிறார்கள், செப்டம்பர் முதல் நவம்பர் வரை அறுக்கிறார்கள். பிரேசிலில் செப்டம்பரில் விதைப்பு தொடங்குகிறது, ஜனவரியிலிருந்து ஏப்ரல், மே வரை அறுவடை. அர்ஜென்டினா அதற்குக் கொஞ்சம் பின்னால் வரும். அதனால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை உலகம் பிரேசிலிடம் வாங்குகிறது, அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அமெரிக்காவின் முறை. வரி, சண்டை எதுவும் இல்லாத ஆண்டிலும் இறக்குமதி இப்படித்தான் ஊசலாடும்.

இதனால்தான் ஒரு மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. "மே மாதம் சீனா அமெரிக்காவிடம் வாங்கியது பாதியாகச் சரிந்தது" என்று யாராவது எழுதினால் அதில் செய்தியே இல்லை. ஒவ்வொரு மே மாதமும் அப்படித்தான். போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், முடிந்தால் ஐந்து ஆண்டுச் சராசரியோடும் ஒப்பிடுங்கள். இன்னொரு சிக்கல், சந்தை ஆண்டு. அமெரிக்காவுக்குச் செப்டம்பரில் பிறக்கிறது, சீனாவுக்கு அக்டோபரில், நம் எண்ணெய் இறக்குமதிக் கணக்குக்கு நவம்பரில். "2024-25" என்று இரண்டு அட்டவணைகளில் எழுதியிருந்தாலும் அவை ஒரே பன்னிரண்டு மாதங்களாக இருக்க வேண்டியதில்லை.

சீனாவின் சுங்கக் கணக்கைப் படிப்பது

உலகச் சந்தைக்கு வருகிற சோயாபீனில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு சீனாவுக்குப் போகிறது. மற்ற எல்லா இறக்குமதி நாடுகளையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. அங்கே பன்றிக்கும் கோழிக்கும் மீனுக்கும் தீவனம், சமையலுக்கு எண்ணெய். ஆகவே கணக்கைச் சீனாவிலிருந்து தொடங்குங்கள்.

2017ஆம் ஆண்டைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு சீனா சுமார் 9.55 கோடி டன் இறக்குமதி செய்தது. பிரேசிலிடமிருந்து 5.1 கோடி டன், அமெரிக்காவிடமிருந்து 3.3 கோடி டன். 2018 ஜூலை 6 அன்று அமெரிக்க சோயாமீது 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அந்த ஆண்டு அமெரிக்கச் சரக்கு 1.66 கோடி டன்னாகப் பாதியாகிவிட்டது, பிரேசில் சரக்கு 6.6 கோடி டன்னாக ஏறியது. 2020 ஜனவரியில் இரு நாடுகளும் முதல் கட்ட வர்த்தக ஒப்பந்தம் போட்ட பிறகு அமெரிக்கா கொஞ்சம் மீண்டது. ஆனால் பழைய பங்கு திரும்பவில்லை. 2024இல் மொத்தம் 10.5 கோடி டன், அதில் பிரேசில் ஏழு கோடிக்கு மேல், அமெரிக்கா 2.2 கோடி. ஏழு ஆண்டுகளில் அமெரிக்காவின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது.

சீனச் சுங்கத் துறை மாதத்தின் முதல் பாதியில் மொத்த அளவை வெளியிடும். 20ஆம் தேதியை ஒட்டி நாடுவாரிக் கணக்கு வரும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் அதைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிரேசிலிலிருந்து கப்பல் சீனா போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒப்பந்தம் அதற்கும் முன்பே முடிந்திருக்கும். செப்டம்பரில் இறங்கிய சரக்கு கோடையின் முடிவுகளைக் காட்டுகிறது. 2025 செப்டம்பர் கணக்கு வெளிவந்தபோது அமெரிக்காவுக்கு நேரே சுழியம் இருந்தது. 2018 நவம்பருக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அந்த மாதம் இறங்கிய ஏறக்குறைய 1.29 கோடி டன்னில் 1.1 கோடி டன் பிரேசிலுடையது. பத்திரிகைகள் அதை அன்றைய அதிர்ச்சியாக எழுதின. ஆனால் கொள்முதலைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு ஜூலையிலேயே தெரியும், புது அறுவடைக்குச் சீனா ஒரு கப்பல்கூட முன்பதிவு செய்யவில்லை என்று.

அது எப்படித் தெரியும்? அமெரிக்க வேளாண் துறை வியாழன்தோறும் ஏற்றுமதி விற்பனைக் கணக்கை வெளியிடுகிறது. கோடையில் நம் நேரம் மாலை 6 மணிக்கு, குளிர்காலத்தில் 7 மணிக்கு. எந்த நாடு எவ்வளவு வாங்கியிருக்கிறது, அதில் எவ்வளவு இன்னும் ஏற்றவில்லை என்று அதில் இருக்கும். ஒரே நாளில் ஒரே நாட்டுக்கு ஒரு லட்சம் டன் அல்லது அதற்கு மேல் விற்றால் மறுநாளே தனியாக அறிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அட்டவணையில் "சேருமிடம் தெரியாது" என்று ஒரு வரிசையும் உண்டு. அதில் கணிசமான பங்கு பின்னால் சீனாவின் பெயருக்கு மாறுவது வழக்கம். அந்த வரிசை பெருத்தால் கவனியுங்கள்.

பிரீமியம்தான் உண்மை பேசும்

இந்தப் பகுதிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். சிகாகோ விலை அடிப்படை விலை மட்டுமே. துறைமுகத்தில் கப்பலேற்றும் விலை அதற்கு மேலோ கீழோ இத்தனை சென்ட் என்று பேசப்படும். பிரேசிலில் பரனகுவா துறைமுகத்தை வைத்துச் சொல்வார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் வளைகுடாப் பகுதியை வைத்துச் சொல்வார்கள். இந்தக் கூடுதல்தான் பிரீமியம். சிகாகோ 1,000 சென்ட், பரனகுவா பிரீமியம் 150 சென்ட் என்றால் பிரேசில் சரக்கு டன்னுக்குச் சுமார் 422 டாலர். வளைகுடாவில் பிரீமியம் 70 சென்ட் என்றால் 393 டாலர். ஒரே பொருளுக்கு 29 டாலர் வித்தியாசம்.

சாதாரண நாளில் இப்படி ஓர் இடைவெளி நீடிக்காது. விலை குறைந்த பக்கம் வாங்குகிறவர்கள் போய்விடுவார்கள், இரண்டும் நெருங்கிவிடும். நீடித்தால் அரசியல் ஏதோ குறுக்கே நிற்கிறது என்று பொருள். 2018இல் இதைத் தெளிவாகப் பார்த்தோம். மே மாதம் 10 டாலருக்கு மேல் இருந்த சிகாகோ, வரி வந்த பிறகு எட்டேகால் டாலர் அளவுக்கு இறங்கியது. அதே காலத்தில் பரனகுவா பிரீமியம் ஏறிக்கொண்டே போய் 2 டாலரைத் தாண்டியது. சிகாகோவை மட்டும் பார்த்தவர் சோயா விலை விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார். சீன மில் உரிமையாளருக்கு அப்படி எதுவும் விழவில்லை. அமெரிக்க விவசாயியின் நட்டமும் பிரேசில் விவசாயியின் லாபமும் அந்த இடைவெளிக்குள் இருந்தன.

அப்போது மலிவான அமெரிக்கச் சரக்கு என்ன ஆனது? ஐரோப்பா, மெக்சிகோ, எகிப்து என்று மற்றவர்கள் அதிகம் வாங்கினார்கள். வறட்சியில் விளைச்சல் இழந்த அர்ஜென்டினாவே தன் ஆலைகளை ஓட்ட அமெரிக்காவிடம் வாங்கியது. 2020இல் பிரேசில் சீனாவுக்கு அளவுக்கு மீறி விற்றுவிட்டு, உள்நாட்டுக்குப் பற்றாமல் இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்து அமெரிக்க சோயாவை இறக்கியது. உலகின் மிகப் பெரிய ஏற்றுமதி நாடு, சொந்த வீட்டுக்கு வெளியே வாங்குகிறது! மேட்டில் அணைபோட்டால் தண்ணீர் வேறு பள்ளத்தைத் தேடி ஓடுவது போலத்தான் இது. வரி, சரக்கின் பாதையை மாற்றுகிறது. மொத்தத் தேவையை அது பெரிதாகக் குறைப்பதில்லை. ஆகவே "சீனா நிறுத்திவிட்டது" என்று செய்தி வந்தால் அடுத்த கேள்வியை நீங்களே கேளுங்கள்: அங்கே மிஞ்சியதை யார் எடுக்கிறார்கள், இங்கே பற்றாமல் போனது யாருக்கு?

2025இலும் இதே நாடகம்தான், ஆனால் வேகம் அதிகம். மார்ச்சில் சீனா அமெரிக்க சோயாமீது 10 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ஏப்ரலில் இரு பக்கமும் வரியை நூறு சதவீதத்துக்கு மேல் ஏற்றி, மே மாதம் இறக்கிக்கொண்டன. செப்டம்பர் 22 அன்று அர்ஜென்டினா அரசு டாலர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க சோயா உள்ளிட்ட தானிய ஏற்றுமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியது. 700 கோடி டாலர் வரம்பு வைத்திருந்தார்கள். ஓரிரு நாளில் அது நிரம்பிவிட்டது. அந்த இடைவெளியில் சீனர்கள் பல கப்பல் சரக்கை வாங்கிப்போட்டார்கள். அமெரிக்க விவசாயிகள் அறுவடையில் இறங்கியிருந்த வாரம் அது. அவர்கள் கொதித்துப்போனதில் வியப்பில்லை. அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் சி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். அதன் பிறகு, சீனா அந்த ஆண்டு முடிவுக்குள் 1.2 கோடி டன்னும், அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 2.5 கோடி டன்னும் வாங்கும் என்று அமெரிக்கா அறிவித்தது. நவம்பரில் சிகாகோ 11 டாலரைத் தாண்டியது.

இந்த எண்ணை எப்படி எடைபோடுவது? ஆண்டுக்கு 2.5 கோடி டன் என்பது 2024இல் சீனா சாதாரணமாக வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், 2017ஐவிடக் குறைவு. பெரிய அறிவிப்பு வரும்போதெல்லாம் அதைப் பழைய ஆண்டுக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பத்து நொடி வேலை, ஆனால் பதற்றம் அடங்கிவிடும்.

தற்காலிக மாற்றமா, நிரந்தரமா?

வரியால் வந்த மாற்றம் வரி போனால் பாதி திரும்பும். சாலையும் துறைமுகமும் கட்டி வந்த மாற்றம் திரும்பாது. இதற்கு 1973 நல்ல பாடம். முந்தைய ஆண்டு பெரு நாட்டுக் கடலில் நெத்திலி மீன் பிடிப்பு சரிந்து, தீவனத்துக்கு மீன்தூள் கிடைக்கவில்லை. எல்லோரும் சோயாவுக்கு ஓடினார்கள். உள்நாட்டில் விலை ஏறுகிறது என்று 1973 ஜூனில் நிக்சன் அரசு சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தடை நீண்ட காலம் நீடிக்கவில்லை. ஆனால் டோஃபுவுக்கும் தீவனத்துக்கும் அமெரிக்காவை நம்பியிருந்த ஜப்பான் அந்த அடியை மறக்கவில்லை. பிரேசிலின் செர்ராடோ புல்வெளியில் பயிர் செய்யும் திட்டத்துக்கு 1970களின் இறுதியிலிருந்து பணம் கொடுத்தது. அதே 1973இல் பிறந்த பிரேசில் அரசின் எம்ப்ராபா ஆய்வு நிறுவனம், அமிலத்தன்மை மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடும் முறையையும் வெப்ப மண்டலத்துக்கு ஏற்ற சோயா ரகங்களையும் கொண்டுவந்தது. பிரேசிலில் சோயா அதிகம் விளையும் மாத்தோ குரோசோ மாநிலம் இன்று இருக்கும் நிலைக்கு வேர் அங்கே இருக்கிறது. 2024-25இல் பிரேசிலின் விளைச்சல் சுமார் 17 கோடி டன், அமெரிக்காவுடையது 12 கோடிக்குக் கொஞ்சம் கீழே.

ஆகவே ஒரு மாற்றம் நிற்குமா என்று அறிய, கட்டுமானச் செய்திகளைப் பாருங்கள். மாத்தோ குரோசோவிலிருந்து வடக்கே மிரிட்டிட்டூபா ஆற்றுத் துறைமுகத்துக்குப் போகும் பிஆர்-163 சாலை 2020இல் முழுக்கத் தார்ச்சாலையானது. அதற்கு முன் மழைக்காலத்தில் லாரிகள் சேற்றில் நாள்கணக்கில் நின்ற சாலை அது. சீன அரசின் தானிய வணிக நிறுவனமான காஃப்கோ பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் பெரிய முனையம் கட்டியிருக்கிறது. முனையத்தில் பணத்தைப் போட்டவர் அடுத்த ஆண்டே வாங்கும் இடத்தை மாற்றிக்கொள்ள மாட்டார். எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். தீவனத்தில் சோயா புண்ணாக்கின் பங்கை 2025க்குள் 13 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சீனா 2023இல் இலக்கு வைத்தது. யாரிடம் வாங்குவது என்பதோடு, எவ்வளவு வாங்குவது என்பதையும் மாற்றப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் நம் ஊருக்கு எந்த வழியாக வருகிறது

இந்தியாவில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதி இல்லை. அதன் புண்ணாக்கையும் சாதாரணமாக இறக்க முடியாது. அதனால் சிகாகோவில் புண்ணாக்கு விழுந்தால் நாமக்கல்லில் விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடுவில் கதவு இருக்கிறது. அந்தக் கதவு ஒருமுறை திறந்தது. 2021 ஆகஸ்டில் இந்தூரில் சோயாபீன் குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டி, பண்ணைக்காரர்கள் தவித்துப்போனபோது, 12 லட்சம் டன் புண்ணாக்கு இறக்குமதிக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சோயா முன்பேர (ஃபியூச்சர்ஸ்) வணிகத்தையும் நிறுத்தியது.

நமக்கு உலகம் வந்து சேர்வது எண்ணெய் வழியாக. சோயா எண்ணெயை நாம் அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து பெருமளவில் வாங்குகிறோம். 2023-24இல் 34 லட்சம் டன்னாக இருந்தது 2024-25இல் சுமார் 55 லட்சம் டன். பாமாயில் விலை சோயா எண்ணெயைத் தாண்டியதுதான் முக்கியக் காரணம். இந்தோனேசியா தன் பாமாயிலை டீசலில் அதிகம் கலக்கத் தொடங்கியதும் அதில் சேர்த்தி. சோயா அதிகம் விளையாத நேபாளத்திலிருந்துகூட சுத்திகரித்த சோயா எண்ணெய் வரியில்லாமல் எல்லை தாண்டி வந்தது. தெற்காசிய நாடுகளின் தடையற்ற வணிக ஒப்பந்தச் சலுகைதான் அதற்கு வழி.

எண்ணெய் விலை புண்ணாக்கை எப்படித் தொடுகிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு டன் சோயாபீனை ஆட்டினால் சுமார் 180 கிலோ எண்ணெய், 820 கிலோ புண்ணாக்கு. பீன் கிலோ 45 ரூபாய், ஆலைச் செலவு டன்னுக்கு 2,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 47,500. எண்ணெய் கிலோ 110 என்றால் அதில் 19,800 வந்துவிடும். மீதி 27,700ஐப் புண்ணாக்கிலிருந்து எடுக்க வேண்டும், அதாவது கிலோ 33 ரூபாய் 80 பைசா. எண்ணெய் 130 ஆனால் புண்ணாக்கை 29 ரூபாய் 40 பைசாவுக்கு விற்றாலே ஆலைக்குக் கையைக் கடிக்காது. எண்ணெய் 20 ரூபாய் ஏறினால் புண்ணாக்கில் நாலரை ரூபாய்க்குப் பக்கம் இடம் கிடைக்கிறது. நிஜத்தில் அது முழுக்க நமக்கு வராது. மண்டியில் பீன் விலையும் கொஞ்சம் ஏறும், ஆலையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். ஆனால் திசை இதுதான்.

அதனால் டெல்லியின் எண்ணெய் வரி அறிவிப்பு எனக்குச் சிகாகோவைவிட முக்கியம். 2024 செப்டம்பரில் கச்சா சோயா எண்ணெய்மீதான அடிப்படை வரி சுழியத்திலிருந்து 20 சதவீதமானது. செஸ் சேர்த்தால் 27.5. மத்தியப் பிரதேச விவசாயிக்கு ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 4,892 ரூபாய்கூடக் கிடைக்காத நேரம் அது. 2025 மே இறுதியில் அடிப்படை வரி 10 ஆனது, மொத்தம் 16.5. விவசாயிக்கு விலை வேண்டும், நுகர்வோருக்கு எண்ணெய் மலிவாக வேண்டும், கோழிப்பண்ணைக்குப் புண்ணாக்கு கட்டுப்படியாக வேண்டும். மூன்றையும் ஒரே வரி தீர்க்காது. ஆனால் வரி அடிக்கடி மாறுவது மூவருக்கும் கெடுதல் என்பது என் உறுதியான கருத்து. விதைக்கும் முன் ஜூனில் சொல்லிவிட்டு அறுவடை முடியும்வரை மாற்றாமல் இருந்தாலே பெரிய உதவி.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எத்தனால் எடுக்கும் ஆலைகள் தள்ளுகிற டிடிஜிஎஸ் சக்கை, தீவனத்தில் சோயாவின் இடத்தைக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. விலை குறைவு. தரம் லோடுக்கு லோடு மாறுவதால் சோதித்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

வாராந்திர வேலை

ஒரு நோட்டுப் போதும். திங்கள் அன்று பரனகுவா, வளைகுடா பிரீமியங்களையும் அவற்றின் வித்தியாசத்தையும் எழுதுங்கள். வியாழன் மாலை அமெரிக்க விற்பனையில் சீனா, "தெரியாது" என்ற இரண்டு வரிசைகள். மாதம் ஒருமுறை அமெரிக்க வேளாண் துறையின் உலக விளைச்சல், தேவை மதிப்பீடான வாஸ்டே அறிக்கை வரும், கோடையில் நம் நேரம் இரவு 9.30, குளிரில் 10.30. அதோடு பிரேசில் அரசின் கோனாப் விளைச்சல் மதிப்பீடு, சீனாவின் நாடுவாரிக் கணக்கு. எந்த மூலத்தையும் ஒற்றையாக நம்பி இருக்காதீர்கள். 2025 அக்டோபரில் அமெரிக்க அரசு முடங்கியபோது வாஸ்டேயே வெளிவரவில்லை, வாராந்திரக் கணக்கும் நின்றது. அந்த நாட்களில் பிரேசில் பிரீமியம் ஒன்றை வைத்தே சீனாவின் போக்கை ஊகிக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக்கு, ஜூன், ஜூலையில் மத்தியப் பிரதேச சோயாப் பகுதியான மால்வாவின் மழையும் விதைப்புப் பரப்பும், அக்டோபரில் மண்டி வரத்தும், அர்ஜென்டினா எண்ணெய் இறங்கும் விலையும். அறிக்கை வரும் இரவுக்கு மறுநாள் காலை புரோக்கர் அவசரப்படுத்துவார். அன்று முழுத் தேவைக்கும் விலை பேசாமல், கையில் உள்ள சரக்கு எத்தனை நாளுக்கு வரும் என்று பார்த்து, வேண்டியதில் ஒரு பகுதியை மட்டும் முடித்துக்கொள்ளுங்கள். மீதிக்கு வியாழன் மாலைக் கணக்கு வரட்டும்.